திவாலான வங்கியின் நாற்பத்தேழாம் பக்கம்

காலை 11.10. மூடி இருபத்திரண்டு வருடமான வங்கியின் கேஷ் கவுண்டரில், கனத்த தீர்மானப் புத்தகம் திறந்து கிடந்தது. நாற்பத்தேழாம் பக்கம் மட்டும் கிழிந்து போயிருந்தது.

"பத்தரைக்கு டீ குடிக்கப் போனேன் மேடம். அப்போ இருந்துச்சு," என்று இன்ஸ்பெக்டர் அம்மாளிடம் சொன்னார் வங்கியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவர்.

"படிச்சீங்களா?"

"எங்க? இன்னைக்குத்தான் பரண்லேருந்து கிடைச்சுது. தேதியைப் பார்த்து அடையாளம் வச்சதோட சரி."

பழைய மேனேஜரின் மகள் குறுக்கிட்டாள். "சாயங்காலம் புத்தகம் அச்சுக்குப் போகுது. வங்கியை முழுங்கினது எங்கப்பான்னு வரப்போகுது. 'வங்கியை மூழ்கடிச்ச அந்தக் கடன் வேண்டாம்னு எழுதியே வச்சேன்'னு சாகற வரைக்கும் சொன்னார். ஒருத்தரும் நம்பலை."

இன்ஸ்பெக்டர் அம்மாளிடம் பொறுமை மருந்துக்கும் கிடையாது. கவுண்டரில் குறிப்பேட்டை வைத்துக் கிறுக்கினார். எடுத்தபோது அதன் மூலை நனைந்திருந்தது. பக்கத்தில் பேனாக்கூடு, ரப்பர் முத்திரை, பஞ்சுக் கிண்ணம் என்று அந்தக் காலத்துச் சாமான்கள்.

எழுத்தாளரை விட்டால் அப்போது அங்கே இருந்தவர்கள் இருவர்தான்.

"கேட்டை விட்டு நகரலை மேடம்," என்றார் வாட்ச்மேன்.

"நான் வாசல் பெஞ்சுலதான் இருந்தேன்மா. முட்டிவலி," என்றார் பேட்டி கொடுக்க வந்திருந்த பழைய கேஷியர். "கவுண்டருக்குள்ள கால் வச்சு இருபத்திரண்டு வருஷமாச்சு."

மதியம் 12.05. இன்ஸ்பெக்டர் எதையோ இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு மூவரையும் கவுண்டருக்கு அழைத்தார்.

"ஆளுக்கொரு தடவை முப்பதாம் பக்கத்தை எடுங்க."

வாட்ச்மேன் உள்ளங்கையால் தள்ளித் தள்ளிப் புரட்டினார். எழுத்தாளர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். கேஷியரின் கண் புத்தகத்தில் இருந்தது. வலக்கை மட்டும் தன்போக்கில் பக்கவாட்டில் போய், வெறும் பலகையைத் தடவி நின்றது.

"இதையா தேடுறீங்க?"

இழுப்பறையிலிருந்து பஞ்சுக் கிண்ணத்தை எடுத்து அழுத்தினார் இன்ஸ்பெக்டர். தண்ணீர் சொட்டியது.

"ஆள் நடமாட்டமே இல்லாத கட்டடம். பஞ்சு கல்லா காய்ஞ்சிருக்கணும். இன்னைக்கு யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க, அவசரத்துல கவுண்டர்லயும் சிந்தியிருக்காங்க. நோட்டு எண்ணிப் பழகி, ஈரப் பஞ்சுல விரலை நனைக்காம ஒரு தாள்கூடப் புரட்ட வராத கை இங்க ஒண்ணுதான் இருக்கு. திருட வந்த இடத்துலயும் உங்க கை வேலைக்கு வந்துடுச்சு!"

கேஷியர் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். 'இந்தக் கடனுக்கு நான் சம்மதிக்கவில்லை' என்று மேனேஜரின் கையெழுத்து. அதன் கீழே சாட்சியாகக் கேஷியர் ஒப்பமிட்டிருந்தார்.

"விசாரணையில இப்படி ஒரு பக்கமே இல்லைன்னு சொன்னேன். கடனைக் கொடுத்த டைரக்டருங்க அதுக்குப் பதிலா வேற வேலை வாங்கித் தந்தாங்க. ரெண்டு பிள்ளைங்க படிச்சுக்கிட்டிருந்தாங்கம்மா..."

"அப்பா செத்த அன்னைக்கு என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதீங்களே மாமா," என்றாள் மகள்.

அவள் தாளை எழுத்தாளரிடம் கொடுத்தாள்.

"அப்பா எழுதினதை அப்படியே போடுங்க சார். கீழ இருக்கிற கையெழுத்தையும் விட்டுடாதீங்க."