திருவிழா மேடையின் கடைசிக் கேள்வி

உலக அழகிப் போட்டியில் கெசியா கிரீடம் வென்ற காலையில், சான் இசித்ரோ கிராமமே கூடைப்பந்து மைதானத்தில்தான் இருந்தது. போட்டி நடந்தது பூமிக்கு அந்தப் பக்கம். அங்கே இரவு, இங்கே காலை ஒன்பது மணி. பள்ளிக்கு விடுமுறை விட்டு, மைதானத்துக் கூரைக்கடியில் பெரிய திரை கட்டியிருந்தார்கள்.

கிரீடம் கெசியாவின் தலையில் ஏறியதும், ட்ரைசைக்கிள் வாடகை வண்டி ஓட்டும் டோடோங் அண்ணன் தன் செருப்பைக் கழற்றி மேலே எறிந்தார். அது யாருடைய நூடுல்ஸ் தட்டிலோ போய் விழுந்தது. தட்டுக்காரரும் கோபப்படவில்லை. அவரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்.

பத்து வயது ரோவெலின் மட்டும் சத்தமே போடவில்லை.

"ஏன்டி, உன் பக்கத்து வீட்டு அக்கா ஜெயிச்சிருக்காங்க. நீ இப்படி உக்காந்திருக்க?" என்று தோழி ஜைமி தோளில் இடித்தாள்.

"தொண்டை கட்டியிருக்கு."

அது பொய். அவளுடைய தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

திரையில் கெசியா கண்ணைத் துடைத்தபடி பேசினாள். "எல்லாம் எங்க ஊர்த் திருவிழா மேடைலதான் தொடங்கிச்சு."

ரோவெலினுக்கு முகம் சுட்டது. எழுந்து கழிப்பறைக்குப் போய், கூட்டம் கலையும் வரை அங்கேயே நின்றாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை இது. அப்போது கெசியா கடையில் பில் போடும் பெண். வேலை முடிந்து வந்ததும் சந்தில் குதிகால் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து பழகுவாள். தடுமாறினால் பிடித்துக்கொள்ள ரோவெலின் கூடவே நடப்பாள். தினமும் காலையில் ரோவெலினுக்குத் தலை பின்னிவிடுவதும் கெசியாதான். இருவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல்.

அந்த வருடத் திருவிழா அழகிப் போட்டிக்குக் கடைசிக் கேள்வியை எழுதியவர் ரோவெலினின் அம்மா. அவர் பள்ளி ஆசிரியை. மகள் மதியத் தூக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்து, அப்பாவிடம் கேள்வியை வாசித்துக் காட்டினார். மகள் தூங்கவில்லை. கேட்டதை ஓடிப்போய்க் கெசியாவின் காதில் சொல்லிவிட்டாள். ஏழு வயதில் அது அவளுக்கு ஒரு பரிசு கொடுப்பது போலத்தான் இருந்தது.

கடைசிச் சுற்றில் இரண்டே பேர். கெசியா நிறுத்தாமல், அழகாகப் பதில் சொன்னாள். லோர்னா என்ற பெண்ணுக்கு வார்த்தை வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ம்ம்... ம்ம்..." என்றே நின்றாள். கூட்டம் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள்.

அதன்பிறகு கெசியா மாகாணப் போட்டிக்குப் போனாள். அங்கே மேடையில் விழுந்து, எழுந்து, மறுபடி நடந்து ஜெயித்தாள். பிறகு தலைநகரம். இப்போது உலகம்.

லோர்னா தேவாலயப் பாட்டுக் குழுவிலிருந்துகூட நின்றுவிட்டாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயம். சித்தியின் பேக்கரியில் பன் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் 'ம்ம் லோர்னா'.

தினமும் காலையில் பன் வாங்கப் போகும்போதெல்லாம் ரோவெலின் அதைக் கேட்பாள்.

"ஏ ம்ம், பத்து பன் குடு," என்பார் டோடோங் அண்ணன்.

லோர்னா பன்னை எண்ணிப் போடுவாள். ரோவெலின் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வளர வளரத்தான் அவளுக்குப் புரிந்தது. அந்தப் பெயரை வைத்தது ஊர் இல்லை, தான்தான் என்று தோன்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கெசியா ஊர் திரும்பினாள். தெருவெங்கும் வாழ்த்துப் பதாகைகள். அவற்றில் கெசியாவின் முகத்தைவிட மேயரின் முகம் பெரிதாக இருந்தது. பத்து மணிக்கு ஊர்வலம். மேடையில் பூச்செண்டு கொடுக்க ரோவெலினைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"கொடுத்து வச்சவடி நீ," என்றாள் ஜைமி.

காலை ஒன்பது மணிக்கே ரோவெலின் பக்கத்து வீட்டுக்குப் போனாள். கெசியா தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளோடு கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள்.

"என் தங்கமே, எவ்ளோ வளந்துட்ட. வா, வா."

"அக்கா, அன்னிக்கு நான்தான் உங்ககிட்ட கேள்வியைச் சொன்னேன்."

கெசியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. சீப்பை மெல்லக் கீழே வைத்தாள்.

"நீ மறந்திருப்பன்னு நெனச்சேன்."

"நீங்க மறந்துட்டீங்களா?"

"எங்க மறக்குறது? ஒவ்வொரு தடவ மைக்கைக் கையில வாங்கும்போதும் ஞாபகம் வரும்."

"லோர்னா அக்காகிட்ட சொல்லணும். அவங்களை எல்லாரும் 'ம்ம்'னு கூப்பிடுறாங்க."

"இன்னிக்கா? பத்து மணிக்கு ஊர்வலம் இருக்கே. நாளைக்குப் பாத்துக்கலாம், கண்ணு."

நாளை என்றால் எத்தனையாவது நாளை என்று ரோவெலினுக்குத் தெரியும். அவளே ஆயிரம் முறை அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

"நான் போறேன்," என்று கிளம்பிவிட்டாள்.

பேக்கரியில் நீண்ட வரிசை. அவளுடைய முறை வந்தது.

"எத்தன?" என்றாள் லோர்னா.

"பன் வேண்டாம். ஒண்ணு சொல்லணும்." "அந்தத் திருவிழால, கெசியா அக்காவுக்குக் கேள்வி முன்னாடியே தெரியும். நான்தான் சொன்னேன். உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் உங்களால உடனே பேச முடியல. என்னை மன்னிச்சிடுங்க."

வரிசையில் அடுத்து நின்ற டோடோங் அண்ணன் தன் செருப்பையே பார்த்தார்.

லோர்னா இடுக்கியை மேசையில் வைத்தாள். அவள் முகம் சிவந்தது.

"மூணு வருஷம். நான் மக்குன்னு நானே நம்பிட்டேன், தெரியுமா உனக்கு?"

ரோவெலினுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அவளைத் திட்டாத, லோர்னா," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கெசியா நின்றிருந்தாள். தலையில் அதே உருளைகள், காலில் ரப்பர் செருப்பு. ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"அவ சின்னப் பிள்ள, பாசத்துல சொன்னா. நான் காதைப் பொத்தியிருக்கலாம். கேள்வியை மாத்துங்கன்னு டீச்சர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கலாம். ரெண்டும் செய்யல. தப்பு என்னோடது."

லோர்னா கையிலிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தாள். நேராக நிமிர்ந்து நின்றாள்.

"ரோவெலின், அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப என்கிட்ட கேளு. சத்தமா கேளு."

ரோவெலின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அம்மா எழுதியபடியே சொன்னாள்.

"இன்று நீங்கள் தோற்றுப்போனால், வென்றவரிடம் என்ன சொல்வீர்கள்?"

லோர்னா கெசியாவைப் பார்த்தாள். இந்த முறை 'ம்ம்' வரவில்லை.

"வரிசைல வாம்மான்னு சொல்வேன்."

முதலில் சிரித்தது கெசியாதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு கடை மொத்தமும் சிரித்தது. லோர்னாவின் உதடும் கொஞ்சம் வளைந்தது. ஆனால் தான் சொன்னதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. கெசியாவும் மாற்றச் சொல்லவில்லை. நேராக வரிசையின் கடைசிக்குப் போனாள். ரோவெலின் ஏற்கனவே அங்கே போய் நின்றுவிட்டிருந்தாள். கெசியா அவளுக்குப் பின்னால் நின்றாள்.

அடுத்து டோடோங் அண்ணனின் முறை. அவர் தொண்டையைச் செருமினார்.

"லோர்னா... பத்து பன் குடும்மா."

அவர் மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னார். லோர்னா எண்ணிப் போட்டாள்.

ஊர்வல வண்டியின் ஹார்ன் தெருமுனையில் விடாமல் அலறியது. நகராட்சி ஆள் ஒருவர் வியர்க்க வியர்க்க ஓடிவந்து, தலையில் உருளைகளோடு நின்ற உலக அழகியைக் கண்டு திகைத்துப்போனார்.

"என்னம்மா இது, மேயர் காத்துக்கிட்டு இருக்காரு. வாங்க, நேரமாச்சு."

"எனக்கு முன்னாடி பதினோரு பேர் இருக்காங்க, சார்."

"பன்னெண்டு," என்று உள்ளேயிருந்து லோர்னாவின் குரல் கணீரென்று வந்தது. "ரோவெலினையும் சேத்து எண்ணு. அவளுக்கு நல்லா சூடா எடுத்து வச்சிருக்கேன்."