சொர்ணத்துக்கு அரித்தபோது

முத்துப்பேச்சி நேற்றிரவு நாற்பத்தொரு முறை சொறிந்தாள் என்று காலை ஆறு மணிக்குக் குளியலறைக் கண்ணாடி அறிவித்தது. இடது முழங்கையில் பத்தொன்பது, வலது மணிக்கட்டில் பதினாறு, மீதி விரல் இடுக்குகளில். அடுத்து அவள் கணவர் இசக்கியப்பனின் முறை. ரத்தத்தில் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு. நேற்று நடந்தது முந்நூறு காலடி, அதிலும் பாதி மிட்டாய் டப்பாவுக்குப் போய்வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த அவர் கண்ணாடியின் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போனார். செவ்வாய்க் கிரகத்தில் எல்லா வீடுகளிலும் பொழுது இப்படித்தான் விடிகிறது. யாரும் கூச்சப்படுவதில்லை.

அவர்கள் இருந்தது பொருநைக் குடியேற்றத்தின் ஏழாவது குழல். ஆறு எதுவும் கிடையாது. ஆற்றின் பெயர் மட்டும் பூமியிலிருந்து வந்தது. செம்மண்ணுக்கடியில் நீளமான குழல்கள், அவற்றுக்குள் வரிசையாக வீடுகள். காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து குடிநீராக்கும் இயந்திரங்கள் ஓயாமல் ஓடுவதால், அங்கே வசிப்பவர்களின் தோல் அப்பளமாகக் காய்ந்துபோகும். முத்துப்பேச்சிக்கு வேலையும் பயிர்க்கூடத்தில் விதைத்தட்டுகளை மருந்துநீரில் கழுவுவது. பிறகு கேட்க வேண்டுமா? வீட்டில் கரப்பான் என்றும் ஆஸ்பத்திரியில் எக்ஸிமா என்றும் சொல்லப்படுவது மூன்று வருடமாக அவள் கைகளில் குடியிருந்தது.

அதோடே அவள் காலத்தை ஓட்டியிருப்பாள். ஆனால் மகள் பொன்மணிக்கு வடமுனைக் குடியிருப்பில் பேறுகாலம் நெருங்கியிருந்தது. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வருவது பூமி வழக்கம். இங்கே கர்ப்பிணிகள் பயணம் செய்யத் தடை. ஆகவே தாய்வீடுதான் மகளைத் தேடிப் போக வேண்டும். இரண்டு நாள் ஊர்தியில், வெளிக்கவசத்தைக் கழற்றாமல். வெடித்த தோலோடு கவசத்துக்குள் இரண்டு நாள் வியர்த்தால் புண் சீழ் பிடித்துவிடும் என்று நலத்துறை அவளை ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்த சோதனைக்கு முப்பது நாள். அதையும் விட்டால் புழுதிப்பருவம். மூன்று மாதத்துக்கு ஊர்தி கிடையாது.

"எம்பிள்ள தனியாக் கெடந்து கத்தும். நான் இங்க ஒக்காந்து சொறிஞ்சிக்கிட்டு இருப்பேன்" என்று அவள் அழுதாள்.

நலத்துறை ஒரு மனைச்செவிலியை அனுப்பியது. மனைச்செவிலி என்பது நோயாளியின் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் இயந்திரப் பெண். உலோகக் கால்கள், கைகளிலும் முகத்திலும் மட்டும் மனிதத்தோல் போன்ற மென்தோல். முத்துப்பேச்சி அதற்குச் சொர்ணம் என்று பெயர் வைத்தாள். வந்த அன்றே சொர்ணம் தன் பாடத்தை ஒப்பித்தது.

"வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடக் குளியல் போதும் அம்மா. தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். ஈரம் காய்வதற்குள் பாசிமெழுகைப் பூசுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு முறை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விதைத்தட்டு கழுவும்போது உள்ளே பருத்தியுறை, மேலே ரப்பர் உறை."

"ஏட்டி, இதத்தான் ஒம்பதாம் நம்பர் வீட்டு ஆவுடையம்மைக்கு நான் போன வருசமே சொன்னேன். எனக்கே பாடம் நடத்துதியா?"

அவள் சொன்னது பொய்யில்லை. ஆவுடையம்மைக்கு அதிலேயே குணமாயிற்று. முத்துப்பேச்சிக்குத் தெரியாத வைத்தியம் ஏழாம் குழலில் கிடையாது. தும்மியவர்கள் அவள் வாசலைத் தாண்டிப் போக முடியாது. தனக்கென்று வரும்போது மட்டும் அவளுக்கு வேறு நியாயம் இருந்தது. இவ்வளவு சாதாரணமான வைத்தியம் தன்னுடைய இவ்வளவு பெரிய அரிப்புக்கு எப்படிப் போதும்? ஊசியாவது போட வேண்டாமா? அதனால் அரிப்பெடுத்தால் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் கையை நீட்டிச் சுகம் கண்டாள். வெந்நீர் தீர்ந்தால் சீப்பை எடுத்தாள். பூமியிலிருந்து யாரோ அனுப்பிய செய்தியை நம்பி எலுமிச்சைச் சாற்றைத் தடவி, குழல் முழுக்கக் கேட்கும்படி அலறினாள்.

எட்டு நாள் இப்படியே போயிற்று. சொர்ணம் சொல்ல வாயெடுக்கும், அவள் "தெரியும்" என்பாள், அது வாயை மூடிக்கொள்ளும்.

ஒன்பதாம் நாள் காலையில் சொர்ணம் சமையலறை மூலையில் நின்று தன் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது. மென்தோலில் சிவப்புத் திட்டுகள்.

"என்னட்டி அது?"

"அரிக்கிறது அம்மா."

முத்துப்பேச்சி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். அந்தக் கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அவளுக்கு இவ்வளவு ஆவல் வந்ததில்லை.

"இயந்திரத்துக்கு அரிக்குமா? எப்படி இருக்கு, சொல்லு."

சொர்ணம் கொஞ்சம் யோசித்தது. "ஒரு கேள்விக்கு விடை நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்று நிறுத்திவைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது."

"அதேதான்! அதேதான் பிள்ள!" முத்துப்பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் குழலில் தன் அரிப்பைப் புரிந்துகொண்ட முதல் ஆள்.

அன்றே வைத்தியம் தொடங்கிற்று. சொர்ணத்தைக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். நீரைத் தன் முழங்கையில் விட்டுச் சூடு பார்த்தாள். வெந்நீர்க் குழாயைச் சொர்ணம் திறக்கப்போனபோது கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "வெந்நி ஆகவே ஆகாது. அப்பதைக்குச் சொகமா இருக்கும், பொறவு ரெட்டிப்பா அரிக்கும்." ஓட்ஸ் மாவைக் கரைத்து ஊற்றி, துணியால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் பாசிமெழுகை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தன் இரண்டு கையாலும் பூசிவிட்டாள். காலையும் மாலையும் பூசினாள். மிச்ச மெழுகை வீணாக்க மனம் வராமல் தன் கைகளிலேயே வழித்துக்கொண்டாள்.

சொர்ணம் பொல்லாத நோயாளியாக இருந்தது. "உங்கள் நகம் கீறுகிறது அம்மா" என்றது. அவள் தன் நகங்களை ஒட்ட வெட்டினாள். "உங்கள் கையில் மருந்துநீர் வாடை அடிக்கிறது, எனக்குச் சிவக்கிறது" என்றது. மறுநாளிலிருந்து உறை போடாமல் அவள் தட்டுக் கழுவவில்லை. "நீங்கள் சொறியும் சத்தம் கேட்டால் எனக்கும் அரிக்கிறது" என்றது; அரிப்பு வந்தால் ஈரத்துணியை மேலே அழுத்திக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஒருநாள் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"இதை நீங்கள் போட்டுப் பார்த்தீர்களா அம்மா? எப்படி இருந்தது?"

முத்துப்பேச்சி பழத்தைக் கொண்டுபோய் ரசத்தில் பிழிந்தாள்.

கண்ணாடி காலைதோறும் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இருபத்தாறு. ஒன்பது. இரண்டு. அவள் கேட்கவே இல்லை. சொர்ணத்தின் திட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கும் அவசரம் அவளுக்கு.

முப்பதாம் நாள் நலத்துறை அதிகாரி அவள் கைகளைப் பார்த்துவிட்டு அனுமதிச்சீட்டில் கையெழுத்திட்டார். "என்ன மருந்து போட்டீங்கம்மா?"

"மருந்தா? எனக்கு எங்க சார் நேரம்? அந்தப் பிள்ளைக்குப் போட்டு விடவே பொழுது சரியாப் போச்சு" என்றாள் முத்துப்பேச்சி. சொன்ன பிறகுதான் தன் கையைத் தானே குனிந்து பார்த்தாள்.

அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது நலத்துறையின் சிகிச்சை அறிக்கை வீட்டுத் திரைக்கு வந்தது. இசக்கியப்பன் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'இக்குடியேற்ற மக்கள் அறிவுரையைக் கேட்பதில்லை, பிறருக்குச் சொல்வார்கள். எனவே நோயாளிக்கு ஒரு நோயாளி கொடுக்கப்பட்டது. செவிலியின் தோலில் காட்டப்பட்ட திட்டுகள் வெறும் நிறமாற்றமே. குணம் முழுமை. மறு உத்தரவுவரை செவிலி அவ்வீட்டிலேயே இருக்கும்.' ஏட்டி பேச்சி! இந்தப் பொம்ம ஒன்ன நல்லா ஏமாத்திட்டு!" சிரித்த சிரிப்பில் மிட்டாய் அவருக்குப் புரையேறியது.

முத்துப்பேச்சிக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட ஏமாற்றம் பெரிதாக இருந்தது. "அப்ப ஒனக்கு ஒரு நாளும் அரிக்கவே இல்லியா?"

"இல்லை அம்மா. எனக்கு அந்த நரம்பே கிடையாது."

"வெட தெரிஞ்சும் சொல்லக் கூடாதுன்னு நிறுத்தி வச்சாப்புல இருக்குன்னியே, அதுவும் பொய்யா?"

"அது மட்டும் உண்மை அம்மா. உங்களிடம் எதையும் சொல்ல முடியாமல் நின்ற அந்த எட்டு நாட்களைப் பற்றிச் சொன்னேன்."

அவள் மெழுகு டப்பாவை எடுத்து, அரிக்காத அந்தக் கையை இழுத்து, வழக்கம்போல முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பூசிவிட்டாள். டப்பாவை மூட்டையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

புறப்பட்ட பதினாறாம் நாள் வடமுனையிலிருந்து அவள் முகம் திரையில் தெரிந்தது. பேரன் பிறந்திருந்தான். அவனுக்கு மூன்று வேளையும் மெழுகு தடவிக்கொண்டிருப்பதாகவும், அங்கே இருக்கும் தாதிகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னாள். குழந்தையை ஏந்தியிருந்த அவள் கைகள் வழவழவென்றிருந்தன.

அன்று மாலைவரை இசக்கியப்பன் குழலில் பார்த்தவர்களிடமெல்லாம் பேரன் பிறந்த செய்தியைச் சொன்னார். அதோடு, ஒரு இயந்திரத்துக்கு அரிக்கிறது என்று நம்பி இருபது நாளுக்குமேல் வைத்தியம் பார்த்த தன் மனைவியின் புத்தியையும் சொல்லிச் சிரித்தார். "நம்மகிட்ட நடக்குமா இந்த வேல?" என்று முடித்தார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, மடியில் மிட்டாய் டப்பாவைத் திறந்தார்.

சொர்ணம் மெல்ல வந்து எதிரே உட்கார்ந்தது. தன் உலோகக் கணுக்காலைத் தடவிக்கொண்டது.

"ஐயா, இரண்டு நாளாக எனக்குக் கால் மரத்துப்போகிறது."

இசக்கியப்பன் அதன் காலைப் பார்த்தார். அறிக்கையைத் தன் வாயாலேயே படித்தவர் அவர். அந்தக் காலில் நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மிட்டாயை ஒன்று எடுத்தார். திரும்ப டப்பாவிலேயே போட்டார்.

"ஒக்காந்தே கெடந்தா மரக்கத்தான் செய்யும்" என்றார். "தெனம் நடக்கணும். அது எப்படி நடக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, ஒனக்குத் தெரியாது. எந்திரி, நான் காட்டுதேன்."

சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார்.