சங்கிலியில் உட்கார்ந்த பேய்

மரக்காணம் உப்பளத்துக்குப் போகும் கால்வாயில் அன்று இறங்கியிருந்த பனியைக் கத்தியால் வெட்டிக் கூடையில் அள்ளலாம். 2006, பிப்ரவரி மாதம். அக்கரை தெரியவில்லை. இக்கரைத் தூணிலிருந்து ஓர் இரும்புச் சங்கிலி பனிக்குள் நுழைந்து காணாமல் போனது. அதைக் கையால் பிடித்து இழுத்து இழுத்துத்தான் தோணியில் அக்கரைக்குப் போவார்கள்.

புதுச் சங்கிலி. நடுவில் தொங்கியது. பேய் உட்கார்ந்திருப்பதால்தான் தொங்குகிறது என்று யாரோ கிளப்பிவிட, மூன்று நாளாக ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. இன்று தோணியையும் காணோம். பேய் அதையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டதாம்.

சங்கிலியை விறைப்பாக இழுத்தால் பேய் வழுக்கி விழுந்துவிடும் என்று, அதன் நுனியை ஆதிமூலம் தன் டிராக்டரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆறாம் வகுப்பு தமிழ்நிலா அம்மாவைத் தேடி அங்கே வந்தாள். விடியுமுன்பே வீட்டை விட்டுப் போன முத்தம்மாளை ஒருவரும் பார்க்கவில்லை.

தமிழ்நிலா பேயை நம்பவில்லை. நேற்றே தன் கொலுசைக் கழற்றி, இரு முனையையும் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்திருந்தாள். தன் எடையாலேயே அதுவும் சங்கிலி மாதிரி அழகாக வளைந்தது. பெரிய வகுப்புக் கணக்கில் அந்த வளைவின் சூத்திரத்துக்கு ‘ஹைபர்பாலிக் கொசைன்’ என்று பெயர். அதை உரக்கச் சொன்னால் நிஜப் பேயே ஊரைக் காலி செய்துவிடும். கொலுசின் நடுவில் ஹேர்பின் மாட்டி இழுத்தபோதுதான் வளைவு போய், இரு பக்கமும் நேராகி, நடுவில் கூராக மடிந்தது.

இன்று சங்கிலியைப் பார்த்ததும் அவள் டிராக்டரிடம் ஓடினாள். டிராக்டர் இன்னும் இழுக்கவில்லை, ஆனாலும் வளைவே இல்லை. ஹேர்பின் மாட்டிய கொலுசு மாதிரி நேராகப் பனிக்குள் சரிந்தது.

“மாமா, டிராக்டர எடுக்காதீங்க. நேத்து அங்க யாரும் இல்ல. இன்னிக்கு இருக்காங்க.”

ஆதிமூலத்தின் மீசை அரை அங்குலம் இறங்கியது. யாரது என்று பனியைக் கேட்டார். பதிலில்லை. சங்கிலி மட்டும் நடுங்கியது. கூட்டம் இரண்டடி, இல்லை, இருநூறடி பின்வாங்கியது.

பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது அழைப்புக்குத்தான் வாய் திறக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

“அம்மா.”

பனி அசையவில்லை.

“அம்மா.”

தண்ணீர் சளக்கென்றது.

“அம்மா.”

“இருக்கேன்டி,” என்றது பனி. “தோணி சேத்துல மாட்டிக்கிச்சு. சங்கிலியப் புடிச்சு இழுத்துக்கினு கெடக்கேன். வாரிவச்ச உப்பு மழையில கரைஞ்சா யாரு பதில் சொல்றது?”

ஆதிமூலம் டிராக்டர் சாவியைப் பிடுங்கி மடியில் செருகினார். ஓர் இழுப்பு இழுத்திருந்தால், உண்டிவில் கல்லாக முத்தம்மாள் புதுச்சேரிக்கே பறந்திருப்பாள்.

நாலு பேர் இறங்கித் தோணியைத் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ்நிலா அம்மாவின் ஈரப்புடவையை விடவே இல்லை. பிறகு ஒவ்வொருவராக வேலைக்குத் தோணி ஏறினார்கள். ஆதிமூலம் மட்டும் ஒரு காலைக் கரையிலேயே வைத்திருந்தார்.

“பாப்பா, இப்ப வளைஞ்சுதானே இருக்குது?”

“வளைஞ்சுதான் இருக்குது மாமா. ஏறுங்க.”