எல்.சி. ரிட்டர்ன்

மாலை ஐந்து மணிக்கு லைன்மேன் புகழேந்தி எல்.சி. கேட்டுத் துணை மின்நிலையத்துக்குப் போன் செய்தபோது, ஆபரேட்டர் ரோஹிணி சிரித்தாள்.

"எத்தனை தடவைண்ணே? இப்பதான கேட்டீங்க. லைனை ஆஃப் பண்ணிக் குடுத்துட்டேனே."

"நான் கேக்கலயேம்மா."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா? மழை வர்றதுக்குள்ள ஏறுங்க."

மின்சாரத்தை நிறுத்தி, லைனை வேலை செய்பவன் பொறுப்பில் விடுவதுதான் எல்.சி. வாங்கியவனே அதைத் திருப்பித் தர வேண்டும். பெரிய அதிகாரி பேசினாலும் ரோஹிணி சுவிட்சைத் தொட மாட்டாள். வாங்கியவன் குரல் வேண்டும். அதை நம்பித்தான் புகழேந்தி கம்பம் ஏறுகிறான்.

பனைமட்டை விழுந்து கம்பி அறுந்திருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அடுத்த கம்பத்தடியில் உதவியாள் பாசித் நின்றான். நீளக் கழியால் எர்த் கொக்கியை லைனில் மாட்டினான். தப்பித்தவறி மின்சாரம் வந்தாலும் அது மண்ணுக்குப் போய்விடும். புகழேந்தி போனைப் பையில் போட்டு வரப்பில் வைத்தான். போன மாதம்தான் ஒரு போன் மேலிருந்து விழுந்து சேற்றுக்குள் போயிருந்தது.

ஏறினான். இடுப்புப் பெல்ட்டைக் கம்பத்தோடு மாட்டிப் பின்னால் சாய்ந்தான்.

கீழே சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. உரமும் அழுகிய கோரையும் கலந்த வாடை மேலே வரை வந்தது, தவளைகள் வயலின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலையில் முடித்து மறுபடி தொடங்கின, தூறல் பீங்கான்களில் பட்டு வழிந்து அவன் பிடரியில் இறங்கியது. அறுந்த நுனிகளை இழுத்துச் சேர்த்து, கம்பிகளை இணைக்கும் ஸ்லீவுக் குழாய்க்குள் நுழைத்தான். நிமிர்ந்தபோது அடுத்த கம்பத்தைக் காணவில்லை. தூறலும் மங்கலும் சேர்ந்து அதை அழித்திருந்தன.

"அண்ணே, மேலயே குடித்தனமா?" பாசித்தின் குரல் மட்டும் வந்தது. "பாய் தலகாணி அனுப்பவா?"

பதில் சொல்ல வாய் திறந்தான். காற்றுதான் வந்தது. செருமினான். தொண்டை மரத்திருந்தது. ஈரம் சேரவில்லை போலும் என்று நினைத்தான்.

கீழே, வரப்பிலிருந்து, யாரோ பதில் சொன்னார்கள்.

"முடிஞ்சிடுச்சு பாசித்து. எர்த்தைக் கழட்டிடு."

தவளைகள் நின்றன.

பெயரின் கடைசியைச் சற்று இழுத்து விடும் அந்தப் பழக்கம். சாயங்காலமானால் வரும் அந்தக் கரகரப்பு. அவன் குரல்.

"இறங்கிட்டீங்களா?"

"எப்பவோ."

புகழேந்தி குனிந்து பார்த்தான். வரப்பு. பை. வேறு ஒன்றுமில்லை. கழட்டாதே என்று கத்தினான். உதடுகள் அசைந்தன. ஒரு சத்தமும் இல்லை. உள்ளங்கையில் கம்பி ஒருமுறை துள்ளியது. அந்தப் பக்கம் கொக்கி விடுபட்டுவிட்டது.

பையின் துணிக்குள் வெளிச்சம் வந்தது.

வெளிச்சம் வெளியே வந்தது. மெதுவாக மேலே ஏறியது. ஓர் ஆளின் காது உயரத்தில் நின்றது. அதன் முன்னால் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கை இல்லை. முகம் இல்லை.

"சொல்லுங்கண்ணே." ஸ்பீக்கரில் ரோஹிணி.

"ரிட்டர்ன் எடுத்துக்கம்மா. லைன்ல ஆள் யாரும் இல்ல."

பெல்ட் கொக்கி. இழுத்தான். உடம்பின் பாரம் முழுவதும் அதில்தான். நெஞ்சைக் கம்பத்தோடு ஒட்டினால்தான் கழலும். ஒட்டினான். விரல் வழுக்கியது. இடது தோளருகே ஒரு கம்பி. வலது தோளருகே ஒன்று. மறுபடி இழுத்தான். வழுக்கியது.

"பாசித் அண்ணனும் தள்ளி நிக்கிறாரா?"

"நிக்கிறான்."

"எர்த்து?"

"எடுத்தாச்சும்மா."

கத்தினான். இந்தத் தடவை குரல் வந்தது. மெல்லிய, உடைந்த குரல். வயதான யாருடையதோ. அவன் இதுவரை கேட்டே இராதது. அது அவன் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை. சொல்லாக்கவும் முடியவில்லை.

கீழே வெளிச்சம் அசையவில்லை.

"சரிண்ணே, லைனைச் சார்ஜ் பண்றேன், கரண்ட் வந்துடும்," என்றாள் ரோஹிணி. பிறகு, "அண்ணே, உங்களுக்குப் பின்னாடி யாரோ கத்துறாங்களே, யாரு அது?"