பதினெட்டாம் கோடு

அவள் ஓட்டாத கோடு ஒன்று கோப்பில் இருந்தது.

ஈமமேடு பாதுகாக்கப்பட்ட இடம். தோண்ட அனுமதி இல்லை. அதனால் புல்லின் மேல் ராடார் வண்டியைத் தள்ளியபடி கோடு கோடாக நடப்பார்கள். வண்டி மண்ணுக்குள் அலையை அனுப்பும். கல்லோ வெற்றிடமோ எதிர்ப்பட்டால் அலை திரும்பும். திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். கல்லறைகள் திரையில் கவிழ்த்த கிண்ணம் போலத் தெரியும். எழுத்து பிறக்கும் முன் வாழ்ந்தவர்கள் யாரை எங்கே வைத்தார்கள் என்பதை, ஒரு பிடி மண்ணையும் கலைக்காமல் படித்துவிடலாம். அளவையாளரான அவளுக்கு இதில் ஒருநாளும் அலுப்பு வந்ததில்லை.

பதினேழு கோடுகளோடு நிறுத்தியவள் அவள்தான். பதினெட்டாவது கோடு, மேட்டின் விளிம்பிலிருக்கும் அவள் வீட்டுக்குள் நுழையும். அங்கே ஒரே ஒரு கல்லறை தெரிந்தாலும் பாதுகாப்பு வேலி நகரும், வீடு போகும். மரவேர் தடுக்கிறது என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாள்.

மாலை வெயில் சரிந்துகொண்டிருந்தது. மேட்டில் அவள் வேலை செய்யும் கொட்டகையின் கூரைத் தகரம் சூடு தணிந்து சொடுக்க, எங்கிருந்தோ ஈரமண் வாசம் ஏறிவர, அவள் கணினியில் அந்த ஓட்டாத கோட்டைத் திறந்தாள். ஒரே கிண்ணம். சின்னது, குழந்தை அளவு. ஆழம் இரண்டு மீட்டர்.

மூடிவிட்டுத் திறந்தாள். ஒன்றரை.

பதிவான அலை மாறாது. எடுத்து முடித்த புகைப்படத்துக்குள் ஆள் நடக்க முடியுமா? மறுபடி திறந்தாள். அரை மீட்டர்.

வீட்டிலிருந்த கணவனுக்குப் போன் செய்தாள். பதினெட்டாம் கோடு என்றதும் அவன் சிரித்தான். வீடு போனால் மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், தனக்குச் சமையல் மிச்சம் என்றான். வாண்டு எங்கே என்று மகளைப் பற்றிக் கேட்டாள்.

"ரூம்ல தரையைத் தட்டிக்கிட்டிருக்கா. கீழ ஒரு பாப்பா அழுவுதாம், தூங்க வைக்கிறாளாம்."

"அவளைத் தூக்கிட்டு வெளியில வாங்க."

"சும்மா இரு. இப்பதான் அழுகையே நின்னுச்சு."

அவனுக்கும் கேட்டிருக்கிறது.

ஓடினாள். புல். வேலி. வாசல். அறை.

வாண்டு குப்புறப் படுத்திருந்தாள், காது தரையில். கை மெல்லத் தட்டியது. தட். தட்.

வாரித் தூக்கினாள். சின்னக் கை காற்றில் தொங்கியது.

தட். தட்.

தரைக்கு அடியிலிருந்து. அதே தாளத்தில். பொறுமையாக.

வாண்டின் தலை தோளில் சாய்ந்தது. கண்கள் செருகின. ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தாள்.