சொன்ன சொல் கேட்பதாக

விடுமுறை என்றால் கடற்கரை, மலை, மாமியார் வீடு என்று ஜனங்கள் கிளம்பியது ஒரு காலம். இப்போது எல்லாரும் இடிந்த கோயிலுக்குத்தான் போகிறார்கள். அந்தச் சனிக்கிழமையும் காலை எட்டு மணிக்கே நெடுங்கல்பாடி நிறுத்தத்தில் நானூறு பேர் வந்து இறங்கிவிட்டார்கள். கையில் சோற்று மூட்டை, தலையில் தொப்பி, இடுப்பில் குழந்தை. நுழைவாயிலில் வரிசையாகக் குழாய்கள் இருந்தன. ஆளுக்கொரு சோப்புத் துண்டு வாங்கி, வலது கை ஆள்காட்டி விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அழுக்கு விரலை வைத்தால் கல் பேசாது என்று யாரோ கிளப்பிவிட்ட கதை. சோப்பு விற்கிறவன் கிளப்பியதாகத்தான் இருக்கும்.

பொற்கொடி குழாய்ப் பக்கமே போகவில்லை. மதில் நிழலில் நின்றபடி, கணவன் விரல் கழுவுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்டா சேந்தா. தோல் உரிஞ்சிடப் போகுது. கல்லுக்கு விரலைத்தானே காட்டணும், எலும்பையா காட்டப் போற?"

"கொஞ்சம் பேசாம இரேன்" என்றான் சேந்தன்.

அவள் பேசாமல் இருக்கவில்லை. கல்யாணமான ஆறு வருஷத்தில் அவன் இதைச் சொல்லாத நாள் இல்லை. அவள் கேட்ட நாளும் இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இருவருக்கும் வேலை. அவன் வடிதிரைகளைப் பழுதுபார்க்கிறவன். அவள் இயந்திர அறையில் வேலை பார்த்துக்கொண்டே தொழிற்சங்கத்திலும் இருந்தாள். ஒரு கூட்டத்தில் மேலாளர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். அன்றைக்குத்தான் சேந்தனுக்கு அவள்மேல் ஆசை விழுந்தது. அந்த வாய்க்காகவே கட்டிக்கொண்டான் என்று ஆலையில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு உண்மைதான்.

இடிந்த கோயில் மோகத்துக்கெல்லாம் மூலம் பெருமறதி. காகிதத்தை ஒழித்து, எல்லாவற்றையும் மின்வெளியில் ஏற்றி வைத்திருந்த உலகம் அறுபது வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்விழித்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. பட்டா இல்லை, தீர்ப்பு இல்லை, பிறந்ததற்குச் சான்று இல்லை. யார் நிலம் யாருடையது என்று மூன்று வருஷம் வெட்டிக்கொண்டு செத்தார்கள். கல்லில் வெட்டியது மட்டும்தான் அழியாமல் மிஞ்சியது என்று கண்டு, அதையே ஆதாரமாக்கி முதற்கல் சட்டம் கொண்டுவந்தார்கள். கல்லில் யார் பேர் இருக்கிறதோ, அவர் வழிவந்தவர்களுக்கு அதில் சொன்னது சொன்னபடி செல்லும்.

வழியைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கோயிலிலும் ஒரு கருவி வைத்தார்கள். பெயர் வழிகாணி. பழைய இடுகாடுகளைத் தோண்டியெடுத்த எலும்புகளின் மரபிழை அத்தனையும் அதற்குள் இருந்தது. விரலை வைத்தால் ஒரு துளி ரத்தம் எடுத்து, உன் முன்னோர் பேர் எந்தக் கல்லில் இருக்கிறது என்று சொல்லிவிடும். பேர் இருந்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் நிலம், வீடு, கிணறு.

சேந்தனுக்கு இது ஆறாவது கோயில். கல்யாணமானதிலிருந்து ஒரு விடுமுறையையும் அவன் வேறெங்கும் கழிக்கவில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் பொற்கொடி, உள்ளே நடந்துகொண்டே. "கொடுத்தவன் பேரும் வாங்கினவன் பேரும் இருக்கிற கல்லுல, கொடுக்கப்பட்டவன் பேரும் இருக்கும்ல? நிலத்தைக் கொடுத்தானுங்க, ஆட்டைக் கொடுத்தானுங்க. ஆளைக் கொடுக்கலையா?"

"அதெல்லாம் வதந்தி."

"எங்க பிரிவு மரகதவல்லியோட அண்ணன் போன வருஷம் கோயிலுக்குப் போனவன் வீடு திரும்பலை. அதுவும் வதந்தியா?"

"அவன் எவளையாவது கூட்டிக்கிட்டு ஓடியிருப்பான். மணி அடிச்சவங்க படத்தைத்தான் தினமும் காட்டுறாங்களே, யாராவது அழுத முகமா இருந்து பார்த்திருக்கியா?"

"அழுத முகத்தைக் காட்டுவாங்களாக்கும்" என்றாள்.

கோபுரம் பாதிக்கு மேல் சரிந்து கிடந்தது. நூற்றுக்கால் மண்டபத்தில் நாற்பது கால்கூடத் தேறவில்லை. தலையில்லாத துவாரபாலகருக்கு யாரோ விளையாட்டாகத் தொப்பி மாட்டியிருந்தார்கள். நந்தியின் முதுகு நிழலில் உட்கார்ந்து இருவரும் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டார்கள். தூணில் மூக்கு உடைந்த ஆடற்பெண் ஒருத்தி இருந்தாள். பொற்கொடி அவள் எதிரே போய் நின்று அதேபோல இடுப்பை ஒடித்து, மூக்கைக் கையால் மறைத்துக்கொண்டு அபிநயம் பிடித்தாள். சேந்தன் சிரித்துப் புரையேறி இருமினான். அவள் அவன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். அந்த நாளில் நன்றாக இருந்த நேரம் என்றால் அந்தக் கால்மணி நேரம்தான்.

"இதுதான் கடைசி" என்று அவள் விரலை நீட்டி எச்சரித்தாள். "அடுத்த லீவுக்கு மலைக்குப் போறோம். கல் இருக்கிற மலைகூட வேண்டாம். புல் இருக்கிற மலை."

"சத்தியமா" என்று சேந்தன் எழுந்து வரிசைக்குப் போனான்.

வழிகாணி கருவறைக்கு முன்னால் உண்டியல் இருந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவன் விரலை வைத்தான். ஐந்து கோயில்களில் வாய் திறக்காத மணி அன்று அடித்தது.

ஜனங்கள் கைதட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்தார். 'வடசுவர்க் கல் பதினேழு, கல்லுரிமை' என்று பச்சை எழுத்து ஓடியது. சேந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பொற்கொடியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"நீயும் வை."

"உனக்குத்தான் வந்துடுச்சே. எனக்கு எதுக்குடா?"

"இன்னிக்கு நம்ம நாள். உனக்கும் அடிச்சா ரெண்டு நிலம். ஒரே ஒரு தடவை, எனக்காக வையேன்."

கிடைத்ததோடு அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அத்தனை சந்தோஷத்தை அந்த முகத்தில் அவள் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க மனம் வராமல், சிரித்துக்கொண்டே விரலை வைத்தாள். மணி மறுபடியும் அடித்தது. ஜனங்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். எழுத்து மட்டும் பச்சையாக இல்லை. சிவப்பில் 'வடசுவர்க் கல் பதினேழு, கல்கட்டு' என்று ஓடியது.

பழைய மடைப்பள்ளிதான் இப்போது அலுவலகம். கல் அலுவலர் ஐம்பது வயதுப் பெண்மணி, நல்ல குரல். "வாங்க சார், வாங்க மேடம்" என்று உட்காரவைத்தார். உரிமை பெற்றவருக்கு அரசாங்கம் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கல் வாழையிலையில் வந்தது. ஒரே ஒரு இலை. அது சேந்தன் முன்னால் வைக்கப்பட்டது. அலுவலர் கல்லின் வாசகத்தைத் திரையில் போட்டு வாசித்தார்.

"பஞ்சம் மிகுந்து பிழைக்க வழியின்றி, என்னையும் என் மக்கள் இருவரையும் நெடுங்கல்பாடி கிழான் அரையன் வசம் ஒப்புவித்தேன், நக்கன் சோலையேன். இவன் வழியார் சொன்ன சொல் எங்கள் வழியார் கேட்பதாக, சந்திரன் சூரியன் உள்ளவரை."



"அரையன் வழி நீங்க, சார். தெற்குப் பக்கம் நாலு ஏக்கர், கல் வீடு, ஊற்றுக் கிணறு. சோலை வழி இவங்க. கல்கட்டு, அதாவது உங்க சொல்லுக்குக் கட்டுப்பட்டவங்க." அதன்பிறகு அலுவலர் பொற்கொடியை மேடம் என்று அழைக்கவில்லை, அவள் பக்கம் பார்க்கவும் இல்லை.

"இவ என் பொண்டாட்டிங்க" என்றான் சேந்தன்.

"கல்யாணப் பதிவு அறுபது வருஷத்துக்கு உட்பட்டது. கல் தொள்ளாயிரம் வருஷம். முந்தினதுதான் செல்லும்."

"நான் இவளை விடுவிச்சுடறேன்."

"விடுவிக்கிற வாசகம் கல்லுல இல்லையே, சார். இல்லாததை நாங்க எப்படி எழுத முடியும்? நீங்க உரிமையை ஏத்துக்கலாம். இல்லைன்னா மறுக்கலாம். மறுத்தா இவங்க கேட்பாரில்லாத கட்டு. வடக்குக் கால்வாய் முகாமுக்கு அனுப்பிடுவோம். வண்டி மூணு மணிக்கு."

அலுவலர் அரைமணி அவகாசம் கொடுத்து வெளியே போனார். கதவு பூட்டிக்கொண்டது.

"வேண்டாம்னு சொல்லு, சேந்தா" என்றாள் பொற்கொடி. "நான் கால்வாய்க்குப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? அங்க போன யாரு திரும்பி வந்திருக்கா?"

"முகம் தெரியாதவன் சொன்னா கேட்டுத் தொலைச்சிடலாம். உள்ளுக்குள்ள அவனைத் திட்டிக்கிட்டே மண்ணை அள்ளலாம். நீ சொல்லி நான் கேட்கணும்னா அப்புறம் நமக்குள்ள என்னடா மிச்சம்?"

"நான் என்ன உன்னை வேலை வாங்கவா போறேன்? பேருக்குத்தானே. நான் ஒண்ணும் சொல்லாம இருந்துட்டா முடிஞ்சுது."

"நீயா? அந்த வாயை வெச்சுக்கிட்டா?" அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நான் கேட்கிற ஒரே விஷயம் இது. மறுத்துடு."

அவன் மறுக்கவில்லை. அவளைக் கால்வாய்ச் சேற்றில் நினைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்தான்; அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் திரையில் கைரேகை வைத்த நேரத்தில் அந்த ஊற்றுக் கிணறும் ஒருகணம் மனசில் வந்து போனது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்வது பொய்யாகிவிடும்.

குரலைப் பதிய வேண்டும் என்றார் அலுவலர். கல் வாசகத்தின் கடைசி வரியை அவன் வாய்விட்டு வாசித்தான். பொற்கொடியின் இடது மணிக்கட்டில் கட்டுவளையைப் பூட்டினார்கள். மெல்லிய வளையல்தான். அவன் சொல் விழுந்ததும் அதில் சிவப்பு விளக்கு எரியும். சொன்னதைச் செய்து முடித்ததும் பச்சையாகும். ஐந்து நொடிக்குள் செய்யத் தொடங்காவிட்டால் வளை சுடும். எவ்வளவு சுடும் என்று சேந்தன் கேட்டதற்கு, "யாரும் ரெண்டாவது தடவை சுட விட்டதில்லை, சார்" என்றார் அலுவலர்.

நிலத்தைப் பார்க்கப் போனார்கள். பார்க்காமல் போகக்கூடாதாம், விதி. கல் வீட்டின் கூரை நன்றாக இருந்தது. கிணற்றில் தண்ணீர் தெரிந்தது. வீட்டுக்குத் தண்ணீரை லிட்டர் கணக்கில் வாங்கியே வளர்ந்தவன் அவன். தன்னையறியாமல் திரும்பி, "இங்க வந்து பாரேன், தண்ணி கிடக்கிற கிடப்பை" என்றான். வளை சிவந்தது. அவள் வந்து பார்த்தாள். பச்சை.

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலை. நீ நிழல்ல உட்காரு." சிவப்பு. அவள் உட்கார்ந்தாள். பச்சை.

"பார்த்தியா?" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது, வாய் இன்னும் அடங்கவில்லை. "ஒரு மணி நேரம் ஆகலை, ரெண்டு தடவை. நான் சொன்னேன்ல? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? உனக்குக் கிணறு வேணும், நிலம் வேணும், எல்லாத்துக்கும் மேல நான் உன் கூடவே இருக்கணும். நான் எப்படி இருக்கணும்னு ஒருதடவையாவது…"

அவனுக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு, ஆறு வருஷமாகச் சொல்லி வந்ததைச் சொன்னான்.

"கொஞ்சம் பேசாம இரேன்!"

வளை சிவந்தது. பொற்கொடியின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. அவள் உதடுகள் நடுங்கின, தொண்டை ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். வளை அமைதியாகப் பச்சைக்கு மாறியது.

சேந்தன் பயந்துபோய் அவள் காலருகே மண்டியிட்டான். "பேசு, கொடி. பேசு."

"என்ன பேச?" என்றாள் அவள். டா இல்லை.

அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. இனி அவளிடம் ஒரு சொல்லும் சொல்வதில்லை, எழுதிக் காட்டுவதுகூட இல்லை, ஊமையாகவே இருந்து காலத்தை ஓட்டிவிடுவது என்று நிலத்திலிருந்து நிறுத்தம் வரைக்கும் மனசுக்குள் உறுதி எடுத்துக்கொண்டே நடந்தான். நான்கு மணிப் பேருந்தில் அவள் தானாகவே ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இப்படியே இருந்துவிடலாம், முடியும் என்று நினைத்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

பேருந்து கிளம்பியது. மணி அடிக்காத முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் அலுப்போடு தூங்கி வழிந்துகொண்டு இந்த வண்டியிலும் பின்னால் வந்த வண்டிகளிலும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சரிந்த கோபுரம் ஜன்னலில் பின்னுக்குப் போனது. அவள் மடியில் சோற்றுப் பாத்திரம் இருந்தது. காலையில் அவன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்த கை அதன்மேல் கிடந்தது. வளை பூட்டிய இடத்தில் தோல் லேசாகக் கன்றியிருந்தது. அதைப் பார்த்ததும் சேந்தனுக்கு உள்ளே ஏதோ உடைந்துவிட்டது. எடுத்த உறுதியெல்லாம் எங்கே போயிற்றோ, அந்த நாளிலேயே அவன் நெஞ்சிலிருந்து வந்த ஒரே சொல் வெளியே வந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுடு, கொடி."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கையை நீட்டி அந்த வளையைப் பொத்திக்கொள்ளப் பார்த்தான். விரலிடுக்கில் சிவப்பு தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் மனசு எண்ணியது.

நாலாவது நொடியில் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுட்டேன்" என்றாள்.

விரலிடுக்கில் பச்சை எரிந்தது. அவள் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.