மூன்று நிற வளையல்கள்

தேவமலர் கையை ஒரு முறைதான் குலுக்கினாள். வயிற்றுக்குள் இரண்டு உதை விழுந்தது.

வளைகாப்பு முடிந்த நாளிலிருந்து தாய்க்கும் பிள்ளைக்கும் இது விளையாட்டு. வளையல் ஒரு தரம் சிணுங்கினால் பிள்ளை ஒரு தரம் உதைக்கும். ஐந்து நாளாகத் தப்பியதே இல்லை.

மத்தியானம் மூன்று மணி. நியாலாஸ் ஊரில் அவள் வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, செம்பனைத் தோட்டத்தில் அழுகும் பழக்குலைகளின் புளித்த வாடை ஜன்னல் வழியே நுழைந்து அவள் நைட்டியில் ஒட்டிக்கொண்டது. லாரி ஓட்டும் கணவன் பிரவின் வீடு திரும்ப இருட்டிவிடும்.

முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போனது, அடுத்தது ஆறில். இரண்டு முறையும் கிருமி, இரண்டு முறையும் வளைகாப்புக்கு முன்பே வலி. இந்தத் தடவை டவுன் மருத்துவமனையில், சோதனையில் இருக்கும் புது ஊசி போட்டார்கள். கிருமி வந்தால் உடம்புக்குள் இருக்கும் ஜாகா பதறிப்போய்ப் பிள்ளையையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறான், அந்தக் காவல்காரனைத் தூங்க வைக்கிறோம் என்றார் நர்ஸ் மைமூன். அப்படியென்றால் வாசலில் யார் நிற்பார்கள் என்று மலர் கேட்கவில்லை. பிள்ளை தங்கினால் போதும் என்றிருந்தது.

போன இரண்டுக்கும் ஆசையாக முன்கூட்டியே வாங்கிய பச்சை, சிவப்பு வளையல்கள் பிஸ்கட் டின்னிலேயே கிடந்தன. வளைகாப்பன்று இந்தப் பிள்ளையின் மஞ்சள் வளையல்களோடு அவற்றையும் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டாள். அதுகளுக்கும் ஒரு நாள் நடக்கட்டுமே என்ற ஏக்கம்தான், பாவம்.

மைமூனுக்குப் போன் செய்து, இரண்டு உதை விழுந்ததைச் சொன்னாள்.

"காய்ச்சல் இல்ல, வலி இல்லதானே? அப்ப நல்லதுலா."

"ஸ்கேன்ல எத்தன பிள்ளக்கா?"

"ஒண்ணுதாம்மா. நானே பாத்தேனே."

மழை நின்றது. ஜன்னலைச் சாத்தினாள். வாடை குறையவில்லை. பச்சை வளையல்களைக் கழற்றப் பார்த்தாள். கை வீங்கியிருந்தது. இறங்கவில்லை.

ஒரே ஒரு முறை குலுக்கினாள்.

இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. நடுவில், தாமதமாக, மெலிதாக இன்னொன்று.

நைட்டியை விலக்கினாள். தோலுக்கடியில் இடப்பக்கம் ஒரு சின்னஞ்சிறு உள்ளங்கை புடைத்தது. வலப்பக்கம் மற்றொன்று, கொஞ்சம் பெரியது. இரண்டும் நடுவை நோக்கி நகர்ந்தன. நடுவில் ஒரு குதிகால் உதைத்தது. மறுபடி உதைத்தது.

பிள்ளை வெளியே வந்துவிடட்டும், இப்போதே வலி எடுக்கட்டும் என்று முதல் முறையாக வேண்டினாள்.

வலி வரவில்லை.

இரண்டு கைகளும் நடுவில் சேர்ந்தன. அவள் வயிற்றைப் பொத்தினாள். வளையல்கள் சிணுங்கின.

பதிலுக்கு இரண்டு உதைதான் விழுந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.